ஆமைக்கு ஓடு வந்த கதை

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று ஒரு பழமொழி இருக்கிறதல்லவா? அமீனாவின் விஷயம் எப்படியோ போகட்டும்; அவர் சம்பளத்துக்காகப் போகிறவர். ஆமையின் மேல் இந்தப் பழியைச் சுமத்தியவர் யாரோ தெரியவில்லை. "அது ஆமை இல்லை, ஆம்பி, காளான் பூத்த வீடு என்பதுதான் மருவி ஆமையாகிவிட்டது" என்று சில தமிழன்பர்கள் ஆமைக்காக வக்காலத்து வாங்கியும் பார்க்கிறார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். ஆமையை வீட்டுக்குள் விடமாட்டோம் என்கிற நாம், ஆமையை வீடு முழுக்க வைத்திருக்கிறோம். மாலைக் காப்பிக்குத் தட்டிப் போடுகிறோமே, கடலைப் பருப்பும் சோம்பும் மணக்க மணக்க, அதற்குப் பெயர் ஆமைவடை. முதுகு மேடிட்டு, ஓரம் மொறுமொறுவென்று இருப்பதால் வந்த பெயர். பெட்டிக்குப் பூட்டும் தொங்குபூட்டைப் பாட்டிமார் ஆமைப்பூட்டு என்பார்கள். ஜபத்துக்கு உட்காரும் பலகை ஆமைப்பலகை. பாற்கடல் கடைந்தபோது மந்தர மலை அமிழ்ந்து போகாமல் தாங்கிய முதுகும் ஆமை முதுகுதான்.

இத்தனைக்கும் மூலமான அந்த ஓடு ஆமைக்கு எப்படி வந்தது? கடலூர் செம்மண்டலத்திலும் மஞ்சக்குப்பத்திலும், சிதம்பரத்துத் தேரோடும் வீதிகளிலும் குடியிருக்கும் சகோதரிகளே, உங்களைத்தான் முதலில் கேட்கிறேன். ஏனென்றால் இந்தக் கேள்விக்குரிய பிராணி உங்கள் ஊர் வாசலுக்கே வருஷா வருஷம் வந்து போகிறது.

தை பிறந்துவிட்டால் போதும். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலிருந்து தெற்கே பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் கழிமுகம் வரையுள்ள மணற்பரப்பில், ஊர் அடங்கிய பிறகு, அலையிலிருந்து கரியதாய் ஒரு உருவம் எழுந்து வரும். இரண்டடி நீளம், முப்பத்தைந்து நாற்பது கிலோ எடை. கடலில் வெகு லாகவமாய் நீந்துகிற அந்த உடம்பு மணலில் படாத பாடு படும். நாலடி நகரும், நிற்கும், பெருமூச்சு விடும், மறுபடி நகரும். இதுதான் பங்குனி ஆமை. சிற்றாமை என்றும் சொல்வார்கள். நம் சோழமண்டலக் கரைக்கு வருகிற கடலாமைகளில் பெரும்பாலானவை இந்த ஜாதியே.

அலை எட்டாத மேட்டைத் தேடிப் பிடித்ததும், பின்னங் கால்களால் குழி தோண்ட ஆரம்பிக்கும். அந்தக் காரியத்தைப் பார்க்க வேண்டும்! இடது துடுப்பு மணலைக் கரண்டி போல் அள்ளி வெளியே வைக்கும். பிறகு வலது துடுப்பு உள்ளே போகும். கண்ணால் பார்க்காமலே, முதுகுக்குப் பின்னால், வாய் குறுகி அடி அகன்ற ஒரு குடம் போலக் குழியைத் தோண்டி முடித்துவிடும். ஆழம் ஒன்றரை அடி. அதில் நூறு முட்டை, சில சமயம் அதற்கும் மேலே. வெள்ளையாய், உருண்டையாய், மேஜைப் பந்து மாதிரி. தோல் மட்டும் மெத்தென்று இருக்கும். முட்டையிட்டதும் குழியை மூடி, தன் உடம்பையே திம்ஸுக் கட்டை போல் இப்படியும் அப்படியும் தூக்கிப் போட்டு மணலை இறுக்கும். அப்போது அதன் கண்ணிலிருந்து நீர் வழியும். "ஐயோ பாவம், பிரசவ வேதனை" என்று நமக்குத் தோன்றும். அது வேதனைக் கண்ணீர் இல்லை. கடல் நீரில் வாழ்வதால் உடம்பில் சேரும் அதிக உப்பைக் கண்ணோரத்துச் சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது; அவ்வளவுதான். கடலில் இருக்கும்போதும் அது இப்படியே 'அழுது'கொண்டுதான் இருக்கிறது.

சங்க காலத்துப் பெண்பாற் புலவர் குமுழிஞாழலார் நப்பசலையார் இந்தக் காட்சியை அகநானூற்றின் 160-ஆம் பாட்டில் படம் பிடித்திருக்கிறார். அடும்பங்கொடி படர்ந்த மணல் மேட்டில் சூல் நிறைந்த ஆமை முட்டையிட்டுப் புதைப்பதையும், முட்டைகள் தந்தத்தில் கடைந்த வட்டுக் காய் போலிருப்பதையும் சொல்கிறார். கடற்கரையில் நின்று பார்க்காமல் இப்படி எழுத முடியாது. ஆனால் ஆண் ஆமை காவலிருந்து முட்டையைப் பேணுவதாகவும் பாடியிருக்கிறார். அம்மையார் அந்த ஆண்பிள்ளைக்குக் கொஞ்சம் தாராளமாகவே நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிட்டார். ஆண் கடலாமை கரைப் பக்கமே வருவதில்லை. பெண் ஆமையும் குழியை மூடியவுடன் திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடுகிறது. மீன் பார்வையால் குஞ்சு பொரிக்கும், பறவை ஸ்பரிசத்தால் பொரிக்கும், ஆமை நினைவினாலேயே பொரிக்கும் என்று பெரியவர்கள் குருவின் தீட்சைக்கு உதாரணம் சொல்வார்களே, அது இதைப் பார்த்து வந்ததுதான். தத்துவத்துக்கு அழகான உவமை. நடைமுறையில் அடைகாப்பது வெயிலேறிய மணல். அந்த மணலின் சூடுதான் உள்ளே இருப்பது பெண்ணா பிள்ளையா என்பதைக்கூடத் தீர்மானிக்கிறது! 29, 30 டிகிரி என்ற கணக்கில் இருந்தால் இரண்டும் கலந்து பிறக்கும். அதற்கு மேல் சூடு ஏறினால் எல்லாம் பெண் குழந்தைகள். இறங்கினால் எல்லாம் பிள்ளைகள்.

சரி, ஓட்டுக்கு வருவோம்.

ஆமை ஓட்டை வீடு என்று நினைக்கிறோம். நத்தைக்குக் கூடு போல, சங்குப் பூச்சிக்குச் சங்கு போல, ஆமை அதற்குள் குடியிருக்கிறது என்று எண்ணம். குழந்தைகளுக்கான சித்திரக் கதைகளில் ஆமையார் சட்டையைக் கழற்றுவது போல் ஓட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஆற்றில் குளிக்கப் போவார். உங்கள் வீட்டுக் குழந்தை இனி அப்படிப் படம் காட்டினால், மெதுவாக விஷயத்தைச் சொல்லுங்கள்: ஆமை தன் ஓட்டிலிருந்து வெளியே வருவது என்பது, நாம் நம் முதுகெலும்பையும் விலா எலும்புகளையும் கழற்றி வைத்துவிட்டு வெளியே போவதற்குச் சமம்.

ஆம், ஓடு என்பது அதன் எலும்புக் கூடேதான். ஏறக்குறைய ஐம்பது எலும்புகள் சேர்ந்து ஒட்டிக்கொண்ட பெட்டி அது. நடு முதுகில் முதுகெலும்பு ஓட்டின் உட்புறத்தோடு ஐக்கியமாகியிருக்கிறது. இரு பக்கமும் விலா எலும்புகள் பட்டையாக அகன்று, ஒன்றோடொன்று தையல் போட்டது போல் சேர்ந்து மேலோடு ஆகியிருக்கின்றன. அடிப்பக்கத்தில் இன்னொரு தட்டு, அது கீழோடு. மேலும் கீழும் இரு விலாப் பக்கங்களிலும் இணைகின்றன. இவ்வளவுக்கும் மேலே, நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால் ஆன சிப்பங்கள் ஓடு வேய்ந்தது போல் மூடியிருக்கின்றன. நாம் வெளியே கோலம் போட்டாற்போல் பார்க்கிற கட்டங்கள் இந்தச் சிப்பங்கள்தான். ஓட்டில் உணர்ச்சியும் உண்டு. ஆமையின் முதுகைத் தடவினால் அதற்குத் தெரியும்.

இதையெல்லாம்விட ஒரு பெரிய விந்தை இருக்கிறது. உங்கள் கையைப் பின்னால் மடக்கி முதுகைத் தொட்டுப் பாருங்கள். தோள்பட்டை எலும்பு தட்டுப்படுகிறதா? அது விலா எலும்புக் கூட்டுக்கு வெளியே, அதன் மேல் சாய்ந்திருக்கிறது. பூனைக்கும் அப்படியே, யானைக்கும், காக்கைக்கும், ஓணானுக்கும் அப்படியே. முதுகெலும்புள்ள பிராணிகளில் ஆமைக்கு மட்டும் அது விலாக் கூட்டுக்கு உள்ளே இருக்கிறது. வீட்டுத் திண்ணையை யாரோ கூடத்துக்குள் கொண்டுபோய் வைத்தது மாதிரி! இது எப்படி நடந்தது என்பதற்குத்தான் விஞ்ஞானிகள் நூறு வருஷத்துக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

பரிணாம வாதம் என்ன சொல்கிறது? பிராணிகளின் அங்கங்கள் ஒரு நாளில் முளைத்தவையல்ல. சிறுகச் சிறுக, தலைமுறை தலைமுறையாக மாறி வந்தவை. நல்லது. அப்படியானால் பாதி ஓடுள்ள ஆமை ஒன்று எப்போதோ இருந்திருக்க வேண்டுமே? பாதி ஓட்டால் என்ன பிரயோஜனம்? பாதிக் குடை மழைக்கு உதவுமா? எதிர்க் கட்சிக்காரர்கள் இப்படிக் கேட்டபோது சுலபமாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் வெகு காலம் வரைக்கும் கிடைத்த மிகப் பழைய ஆமை, ஜெர்மனியில் பாறைக்குள் அகப்பட்ட புரோகானோகெலிஸ் என்பது. 1887-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள். அது வாழ்ந்து சுமார் 21 கோடி வருஷமாகிறது. அதற்கே மேலோடு, கீழோடு எல்லாம் பூரணமாக இருந்தன! கழுத்திலும் வாலிலும் முள் வேறே. பாட்டியைத் தேடிப் போனால், பாட்டியும் பேத்தி மாதிரியே நகை நட்டெல்லாம் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நகை எப்போது செய்தது என்று யாரைக் கேட்பது?

எனவே பண்டிதர்கள் இரண்டு கட்சியானார்கள். முதலையின் முதுகில் தோலுக்குள் எலும்புத் தகடுகள் இருக்கின்றன அல்லவா? அதுபோன்ற தகடுகள் ஆமையின் மூதாதைக்கும் இருந்து, அவை பெருகி விலா எலும்போடு ஒட்டிக்கொண்டன என்றது ஒரு கட்சி. இல்லை, விலா எலும்பே அகன்று ஓடாயிற்று என்றது இன்னொரு கட்சி. சாட்சி இல்லாத வழக்கில் வாதத்துக்கு என்ன பஞ்சம்?

சாட்சி 2008-ல் வந்தது. சீனாவில் குய்ஜோ மாகாணத்தில், ஒரு காலத்தில் கடலடியாக இருந்த பாறையிலிருந்து 22 கோடி வருஷத்துப் பழைய ஒரு பிராணியை எடுத்தார்கள். லீ சுன் என்ற சீன ஆராய்ச்சியாளரும் அவர் சகாக்களும் அதற்கு 'பாதி ஓடும் பல்லும் உள்ள ஆமை' என்று பொருள்படும்படி ஓடோண்டோகெலிஸ் செமிடெஸ்டேசியா என்று நாமகரணம் செய்தார்கள். பெயரே கதையைச் சொல்லிவிடுகிறது. இன்றுள்ள ஆமைகளில் ஒன்றுக்காவது பல் கிடையாது. கிளி மூக்குப் போன்ற அலகுதான். இதற்கோ வாய் நிறையப் பல். கீழோடு முழுசாக இருந்தது. மேலோடு? அதுதான் இல்லை! விலா எலும்புகள் மட்டும் பட்டையாக அகன்று, ஒன்றோடொன்று சேராமல், விரித்த விசிறிக் காம்புகள் போல நின்றன. முதலைத் தகடு என்று சொன்ன கட்சிக்குத் தலை குனிவு. தோலில் தகடு எதையும் காணோம். பாதிக் குடை நிஜமாகவே இருந்திருக்கிறது. அதுவும் தலைக்கு மேல் அல்ல, வயிற்றுக்குக் கீழே.

பிறகு சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து கூண்டில் ஏறினார்கள். 2015-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ரைனர் ஷோக்கும் அமெரிக்காவிலிருந்து ஹான்ஸ் டீட்டர் சூயஸும் இன்னொரு பிராணியை அறிமுகப்படுத்தினார்கள். தெற்கு ஜெர்மனியில் பழங்கால ஏரி ஒன்றின் படிவில் கிடைத்தது. 24 கோடி வருஷம். ஒரு ஜாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூட, பார்வைக்குப் பல்லி மாதிரி. இதற்குக் கீழோடுகூட முழுசாக இல்லை. வயிற்றுப் பக்கத்தில் சிம்பு சிம்பாக எலும்புகள். அவற்றில் சில இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தன. கீழோடு உருவாகிற வேளையிலேயே கையும் களவுமாகப் பிடிபட்டது போல! இதற்குப் பாப்போகெலிஸ் ரோசினே என்று பெயர். முதல் பாதிக்குத் 'தாத்தா ஆமை' என்று அர்த்தம். இரண்டாம் பாதி, ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்தில் இந்த எலும்புகளைப் பாறையிலிருந்து பிரித்தெடுத்த இசபெல் ரோசின் என்ற பெண்மணியைக் கௌரவிப்பது. கல்லுக்குள் நூல் கனத்தில் கிடக்கும் எலும்பை, அது முறியாமல், ஊசி முனையால் சுரண்டிச் சுரண்டி வெளியே கொண்டுவருவது எவ்வளவு பொறுமையான வேலை! அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய நமக்குத் தெரியும். பெரும்பாலும் இப்படி உழைத்தவர் பெயர் வெளியே வராது. இங்கே 24 கோடி வருஷத்துத் தாத்தாவோடு சேர்ந்து நிலைத்துவிட்டது.

ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த சாட்சி தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது. யூனோடோசாரஸ் என்ற இந்தப் பிராணிக்கு 1892-லேயே ஸீலி என்ற ஆங்கில அறிஞர் பெயர் வைத்துவிட்டார். வயது 26 கோடி வருஷம். ஓடு கிடையாது, தகடு கிடையாது. விலா எலும்புகள் மட்டும் ஒன்பது ஜோடி, வாழை மட்டை போல அகன்றிருந்தன. இது ஆமைக்கு உறவா, இல்லையா என்று ரொம்ப நாள் தகராறு. கையும் காலும் சரியாக உள்ள எலும்புக்கூடு ஒன்று அகப்பட்டால் நன்றாயிருக்குமே என்று எல்லோரும் ஏங்கிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்டதை யார் கண்டெடுத்தது தெரியுமா? எட்டு வயதுப் பையன்! அப்பாவின் பண்ணையில் விளையாடித் திரிந்தவன் கண்ணில் பட்டது. அவன் அதை அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தான். பையன்கள் கால்சட்டைப் பையில் கல்லைக் கொண்டுவந்தால் இனி உடனே வீசி எறியாதீர்கள்.

இதையும் இதன் உறவுகளையும் ஆராய்ந்த டைலர் லைசன் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 2016-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அதைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. விலா எலும்பு எதற்கு இருக்கிறது? மூச்சு விட. நாம் மூச்சை இழுக்கும்போது மார்புக் கூடு விரிகிறது; விடும்போது சுருங்குகிறது. பல்லி, ஓணானுக்கெல்லாம் விலா எலும்புதான் நடக்கும்போது உடம்பு வளைந்து கொடுக்கவும் இடம் கொடுக்கிறது. அவை பட்டையாக அகன்றால் மூச்சும் திணறும், நடையும் தளரும். பாம்பு, திமிங்கிலம், மனுஷர், எல்லோருக்கும் விலா எலும்பு ஒல்லியாகவே இருப்பதன் காரணம் இதுதான். அப்படியிருக்க, ஆமையின் மூதாதை மட்டும் எதற்காக இந்த நஷ்டத்தை ஏற்றுக்கொண்டது? கவசத்துக்கு என்று சொல்ல முடியாது. இடைவெளி விட்டு நிற்கும் பட்டை எலும்பு யார் கடியையும் தடுக்காது.

அந்தப் பையன் கண்டெடுத்த கையில் பதில் இருந்தது. உள்ளங்கை பெரிது, நகங்கள் நீளம், முன்னங்கை வலுவானது. எல்லாம் மண் தோண்டும் பிராணியின் லட்சணங்கள். கிணறு வெட்டுகிறவரைப் பாருங்கள். கை மண்வெட்டியை இழுக்க வேண்டுமானால் உடம்பு அசையாமல் ஊன்றி நிற்க வேண்டும். உடம்பு துவண்டால் வெட்டு விழாது. அகன்ற விலா எலும்புகள் உடம்பை இறுக்கிப் பிடித்து, தோண்டும் கைகளுக்குப் பிடிமானம் கொடுத்தன. வறண்டு கிடந்த அந்தத் தேசத்தில் வளை தோண்டத் தெரிந்தவன் பிழைத்தான். ஆகவே, ஓட்டின் ஆரம்பம் பாதுகாப்பு அல்ல, மண்வெட்டி வேலை! புடவை வைக்க வாங்கிய டிரங்குப் பெட்டி, ரயிலில் கூட்டம் நெரிகிறபோது உட்கார ஆசனமாகிவிடுகிறதல்லவா? அதுபோலத் தோண்டுவதற்கென்று அகன்ற எலும்பு, பின்னால் வந்த சந்ததிக்குக் கவசமாகிவிட்டது.

எல்லா விஞ்ஞானிகளும் இதை ஒப்புக்கொண்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். யூனோடோசாரஸ் ஆமையின் பாட்டன்தானா, அல்லது தற்செயலாய் ஜாடை ஒத்துப்போன வேறு வீட்டுக்காரனா என்று இன்றைக்கும் சச்சரவு இருக்கிறது. போதாக்குறைக்கு 2018-ல் சீனாவிலிருந்து இன்னொரு பிரகிருதி வந்து சேர்ந்தது. எட்டடிக்கு மேல் நீளம், ஓடு அறவே இல்லை, ஆனால் வாயில் ஆமை மாதிரி அலகின் ஆரம்பம்! ஒருவருக்கு ஓடு முதலில், அலகு பிறகு. இன்னொருவருக்கு அலகு முதலில், ஓடே இல்லை. குடும்பக் கதை என்றால் நேர்க் கோட்டிலா போகும்?

தோள்பட்டை விந்தை பாக்கி இருக்கிறதே! அதற்கு விடை பாறையில் மட்டுமல்ல, முட்டையிலும் கிடைத்தது. ஜப்பானில் கோபே நகரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் நாகஷிமா, குராடானி முதலியோர் கோழி, சுண்டெலி, ஆமை மூன்றின் கருக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாளுக்கு நாள் வளர்வதைக் கவனித்து 2009-ல் எழுதினார்கள். ஆரம்ப நாட்களில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றே போல் இருக்கின்றன. ஆமைக்கும் தோள்பட்டை விலாவுக்கு முன்னால், தன் இடத்தில்தான் இருக்கிறது. பிறகுதான் வித்தியாசம். கோழிக்கும் எலிக்கும் விலா எலும்பு வளைந்து மார்பைச் சுற்றி முன்பக்கம் வருகிறது. ஆமைக் கருவிலோ உடம்பின் இரு பக்கமும் விளிம்பு போல் ஒரு மேடு எழும்புகிறது. விலா எலும்பு கீழே வளையாமல், அந்த விளிம்பை நோக்கிப் பக்கவாட்டில் நீண்டு விசிறி போல் விரிகிறது. அப்போது பக்கச் சுவர் உள்பக்கமாக மடிகிறது. ரவிக்கைத் துணியில் ஒரு மடிப்பு எடுத்தால் வெளியே இருந்த பூ உள்ளே போய்விடுமே, அதே சமாசாரம்! தோள்பட்டை எங்கேயும் போகவில்லை. விலா எலும்புதான் அதன் தலைக்கு மேல் கூரை போட்டுவிட்டது.

மார்பை இப்படிப் பெட்டி போட்டுப் பூட்டியாயிற்று; மூச்சுக்கு என்ன வழி? வயிற்றுச் சதைகளை வைத்து ஒரு உபாயம். ஒரு சதைப் பட்டி உள் உறுப்புக்களை அழுத்தினால் நுரையீரல் சுருங்கும். இன்னொன்று கீழே தளர்த்தினால் விரியும். துருத்தியை வெளியே விட்டு உள்ளேயிருந்து ஊதுவது போல.

ஆமைக்கு இன்று உயிரோடிருக்கும் நெருங்கிய உறவு யார் என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. பல்லியும் பாம்பும் என்று நினைப்போம். 2013-ல் பேராமையின் மரபணுக்களை முழுக்கப் படித்துப் பார்த்ததில், நெருங்கிய பங்காளிகள் முதலையும் பறவைகளும் என்று தெரிந்தது. கொல்லையில் கூவும் சேவலும் கோவில் குளத்து ஆமையும் ஒரு கிளையில் பிரிந்தவை!

நம் தேசத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் 1830-களில் பால்கனர், காட்லி என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் தோண்டியபோது பிரம்மாண்டமான நில ஆமை ஒன்றின் எலும்புகள் கிடைத்தன. மனுஷர் ஒருவர் உள்ளே சௌகரியமாய் உட்காரக்கூடிய ஓடு. உலகத்தைத் தாங்கும் ஆமை என்ற நம் நாட்டுக் கதையைப் பால்கனர் அப்போது நினைத்துக்கொண்டார். உலகைத் தோளில் சுமந்த கிரேக்க வீரனை நினைத்து அதற்கு அட்லஸ் என்று பெயரும் சூட்டினார்கள்.

ஐம்புலனையும் அடக்குவதற்கு வள்ளுவர் ஆமையை உவமை சொல்லியிருக்கிறாரே, அது எந்த ஆமை என்று யோசித்ததுண்டா? கடலாமையாய் இருக்க முடியாது. சிதம்பரம் பக்கத்து வயல் வாய்க்காலிலும் குளத்திலும் இருக்கிறதே பாலாமை, அதுதான் தலை, கால் எல்லாவற்றையும் உள்ளிழுத்து, பின்கால்களுக்குக் கதவு போல் மடலையும் சாத்திக்கொள்ளும். பங்குனி ஆமையால் தலையையும் இழுத்துக்கொள்ள முடியாது, துடுப்பையும் இழுத்துக்கொள்ள முடியாது. தண்ணீரில் வேகமாய்ப் போவதற்காக அந்த வசதியை அதன் வம்சம் விட்டுக்கொடுத்துவிட்டது. ஓட்டின் கனத்தையும் குறைத்துக்கொண்டது. தோணி ஆமை என்கிற பெரிய ஆமைக்கு மேலே சிப்பங்களே இல்லாமல் தோல்தான் மூடியிருக்கிறது.

பங்குனி ஆமைக்கு ஆபத்து வருவதும் ஓட்டை உடைத்துக்கொண்டு அல்ல, மூச்சு வழியாகத்தான். எத்தனை கோடி வருஷம் கடலில் இருந்தாலும் ஆமை காற்றைத்தான் சுவாசிக்கிறது. சும்மா இருக்கும்போது வெகு நேரம் தம் பிடித்து அடியில் கிடக்கும். இழுவலைக்குள் அகப்பட்டுத் திமிறும்போது அந்த மூச்சு சீக்கிரம் தீர்ந்துபோகிறது. மேலே வர வழியில்லாமல் மூழ்கிச் சாகிறது. முட்டையிட அவை கரையை நெருங்குகிற தை, மாசியில்தான் இந்த விபத்தும் அதிகம். 2025-ஆம் வருஷத் தொடக்கத்தில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. பல, வயிறு நிறைய முட்டையோடு. ஓட்டில் ஒரு கீறல் இருந்திருக்காது.

மீனவர்களை மாத்திரம் குறை சொல்லிப் பயனில்லை. வலையில் ஆமை விழ வேண்டுமென்று எந்தக் கடலோடியும் நினைப்பதில்லை. ஆமையால் வலையும் கிழிகிறது. இழுவலையின் கழுத்தில் கம்பிச் சட்டம் ஒன்றைச் சாய்வாகப் பொருத்தினால், இறால் கம்பிக்கு ஊடே போய்விடும். ஆமை சட்டத்தில் மோதி மேலேயுள்ள திறப்பு வழியாகத் தப்பிவிடும். நல்ல உபாயம்தான். ஆனால் அதே திறப்பில் பெரிய மீனும் தப்புகிறதே என்பது படகுக்காரர்களின் ஆட்சேபம். டீசலுக்குக் கடன் வாங்கிக் கடலுக்குப் போகிற வீட்டில் அது சின்ன விஷயமல்ல. அந்த நஷ்டத்துக்கு ஒரு வழி சொல்லாமல் சட்டத்தை மாட்டு என்றால் யார் மாட்டுவார்கள்?

1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கடலாமைகளுக்கு முதல் அட்டவணையில் இடம். புலிக்கு என்ன அந்தஸ்தோ அதே அந்தஸ்து. முட்டையை எடுப்பதும் குற்றம். கடலூர்க் கரையில் வனத்துறையும் தன்னார்வ இளைஞர்களும் இரவில் மணலில் நடந்து, முட்டைகளை எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குப் புதைத்துக் காக்கிறார்கள். நாய், நரி, மனுஷர் மூன்று பேரிடமிருந்தும். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருப்பதால் இந்தப் பகுதிக்குக் கடல் ஆராய்ச்சி புதிதும் அல்ல.

இப்படிக் கரை கரையாய் நடந்தவர்களில் முன்னோடி சதீஷ் பாஸ்கர். நம் நாட்டுக் கடற்கரைகளில் ஆயிரக்கணக்கான மைல் நடந்து ஆமைத் தடங்களைக் கணக்கெடுத்தவர். 1982-ல் மழைக்காலம் முழுதும் லட்சத்தீவில் ஆளில்லாத சுஹேலி தீவில், ஆமைகளைப் பார்ப்பதற்காகத் தன்னந்தனியாகத் தங்கினார். படகுப் போக்குவரத்து இல்லை, தபால் ஏது? மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, பாட்டிலில் அடைத்து, கடலில் விட்டார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அந்த நல்ல மனுஷர் தபாலில் சேர்த்து, அந்த அம்மாளுக்கு ஒழுங்காய் வந்து சேர்ந்தது! 2023-ல் அவர் காலமானார்.

கடற்கரைப் பக்கம் வீடுள்ளவர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. நாற்பத்தைந்திலிருந்து அறுபது நாளில் குஞ்சுகள் மணலைப் பிளந்துகொண்டு, பெரும்பாலும் இரவில், கூட்டமாக வெளியே வரும். வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கையில் அலை மேல் படும் நட்சத்திர ஒளிதான் கரையைவிடப் பிரகாசமானது. ஆகவே குஞ்சு கடலுக்குப் போகும். இன்று மொட்டை மாடி விளக்கும் கடை விளக்கும் அதைவிடப் பளிச்சென்று எரிவதால், பாவம், சாலைக்கு ஓடி வந்து சக்கரத்தில் மாட்டிக்கொள்கின்றன. மாசி, பங்குனி, சித்திரை இரவுகளில் கடலைப் பார்த்த விளக்கை அணைத்து வையுங்கள். அல்லது திரையை இழுத்து விடுங்கள். மின்சாரக் கட்டணமும் குறையும்.

பொரிப்பகத்துக் குஞ்சுகளை விடியற்காலையில் கடலில் விடுகிறபோது குழந்தைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புக் குஞ்சு, மூக்கு நுனியில் முட்டையைக் கீறி வந்த சின்னக் கூர் இருக்கும். கையில் எடுக்க வேண்டாம், பார்த்தால் போதும். முதுகு பார்வைக்கு முழு ஓடு மாதிரிதான் இருக்கும். ஆனால் மேலே மூடிய சிப்பங்களுக்கு அடியில் ஓடு இன்னும் கூடவில்லை. விலா எலும்புகளின் நுனிகள் தனித்தனிக் காம்புகளாய், நடுவே இடைவெளி விட்டு நிற்கின்றன. சீனத்துப் பாறையில் அகப்பட்ட அந்தப் பாதி ஓட்டுப் பாட்டிக்கு இருந்ததைப் போலக் கிட்டத்தட்ட. அந்த இடைவெளி அடைபடுவது அப்புறம், நடுக் கடலில், யாரும் பார்க்காத இடத்தில்.